தெருநாய் என்று எழுதிக் கொடுத்தவர்

நாயா? எந்த நாய் ஹரிபாபு காரு? உங்களுக்குத்தான் நாயே இல்லியே. இல்லாத நாய்க்கு எதுக்கு பெல்ட்டக் கையில புடிச்சிக்கினு என் வாசல்ல நிக்கறீங்க?

கத்தாதீங்க. எம்பொண்ணு கலைவாணி இப்பத்தான் கண்ண மூடினா. ரெண்டு ஊசி போட்டாச்சி, இன்னும் ரெண்டு பாக்கி. உங்க கேட்டு தொறந்து கெடந்துச்சி. தண்ணி புடிக்கப் போனவளக் கீழ தள்ளி, கெண்டைக்கால் சதையக் கவ்வி இழுத்துச்சி. நீங்க மாடியில நின்னு சீசர், சீசர்னு கூப்ட்டீங்க. தெருவே கேட்டுச்சி.

பஞ்சாயத்து செக்ரட்டரி வந்து ஒரே கேள்விதான் கேட்டாரு. நாய் யாருது? என்னுதுதான், தப்பு நடந்துபோச்சின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இந்தக் கன்னையா கேஸு கீஸுன்னு போயிருப்பானா? லைசென்ஸ் எடுங்க, வாய்க்கு மூடி போட்டு நடத்துங்கன்னு சொல்லிட்டு உட்டிருப்பேன். நீங்க இன்னா செஞ்சீங்க? பெல்ட்டக் கழட்டி ஒளிச்சி வெச்சிட்டு, அது மா குக்க காது, எங்க நாய் இல்ல, தெரு நாய்னு தெலுங்குல எழுதி கையெழுத்தும் போட்டீங்க. நான் பள்ளிக்கூடம் பாக்காதவன்தான். ஆனா அந்தக் காயிதத்த எழுத்துக் கூட்டி மூணு தரம் படிச்சேன். அப்புறம் அத நெசமாக்கறதுக்கு ஊருக்குள்ள அவுத்து வேற உட்டீங்க.

இன்னா? பெங்களூர்லேர்ந்து வாங்கியாந்த ஜாதி நாயா? ஜோடி சேக்க நாளைக்கு பலமனேர்காரங்க பொட்ட நாயக் கூட்டிக்கினு வராங்களா? குட்டிக்கு இப்பவே ஆள் சொல்லி வெச்சிருக்காங்களா? இதெல்லாம் அன்னிக்கு செக்ரட்டரிகிட்ட சொல்ல வாய் வரலியே.

வெஷமா? ச்சீ. வாயில்லாத ஜென்மத்தக் கொல்ற ஆள் நான் இல்ல. கேட்டத் தொறந்து போட்டது அதுவா?

சட்டப்படிதான் நடந்தேன். உங்க காயிதத்த ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கினு போயி, சித்தூர்ல நாய் புடிக்கற வண்டிக்காரங்ககிட்ட குடுத்தேன். வந்தாங்க, வலையப் போட்டாங்க, தூக்கிக்கினு போனாங்க. பாலசமுத்திரமே நின்னு பாத்துச்சி. நீங்கதான் ஊர்ல இல்ல.

கெடைக்கும், கெடைக்கும். வெறி கிறி இருக்கான்னு கூண்டுல பத்து நாள் வெச்சிப் பாத்துட்டுக் குடுப்பாங்களாம். ஆனா, என் நாய்தான், இனிமே அது செய்யறதுக்கெல்லாம் நான்தான் பொறுப்புன்னு எழுதிக் குடுக்கணுமாம். பேனா வேணுமா?

அப்புறம், பலமனேர்காரங்களுக்கு ஒரு போன் போட்டு வர வேணாம்னு சொல்லிடுங்க. தெரு நாயின்னா மொத வேலையா குடும்பக் கட்டுப்பாடு பண்ணிடுவாங்களாம். நேத்தே முடிஞ்சிபோச்சி.