கண் திறக்காத அம்மன்

மழைக்கு முதல் நாளே எனக்கு வலது தோள்பட்டை வலிக்கத் தொடங்கிவிடும். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்தில் தண்ணீர் ஓடக் கான் வெட்டிய காலத்தில் பிடித்த வலி. மண்வெட்டியைக் கீழே போட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. வலி மட்டும் இன்னும் ஒழுங்காக வேலைக்கு வந்துகொண்டிருக்கிறது. இன்றைக்கும் வலிக்கிறது, தர்மகர்த்தா ஐயா. அதனால் உட்கார்ந்தே சொல்கிறேன், மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. கண்டி டவுனில் பாதிப் பேருக்குச் சொல்லியும் விட்டீர்கள். அம்மனைச் சுற்றிக் கட்டிய திரை மாதக்கணக்காக அப்படியே தொங்குகிறது. மூக்கையா மேஸ்திரி ஏன் கண் திறக்க மாட்டேன் என்கிறான் என்று கேட்டு ஆள் விட்டீர்கள், இப்போது நீங்களே வந்துவிட்டீர்கள். கை நடுங்குகிறது என்று உங்கள் ஆளிடம் சொன்னேன். அது பாதிதான். மீதியையும் கேளுங்கள்.

நான் சாதிமுறைப்படி இந்தத் தொழிலுக்கு வந்தவன் இல்லை. கான் வெட்டினேன், தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டினேன், ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் சனம் குடியிருக்கும் லயத்துக் கோயில்களுக்குச் சாயம் பூசினேன். முனியாண்டி, குதிரை, மாரியம்மன். அரிசியும் ஒரு சேவலும் கொடுப்பார்கள். அதுவும் பேச்சுக் கேட்ட பிறகுதான். "என்னடா மூக்கா, மாரியாத்தா மொகம் ஒங்க மாமியா மொகம் மாதிரி இருக்கு. கும்புடவா, குடும்பச் சண்டை போடவா?" என்று பெரிய கங்காணி ஒருமுறை கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தலை நரைக்கும்வரை அப்படித்தான் போயிற்று.

சிலைக்குக் கண் வைக்கும் முறை உங்களுக்குத் தெரியும். உடம்பு, புடவை, நகை எல்லாம் பூசி முடித்து, கடைசியில்தான் கண். அதுவரை அது சுண்ணாம்பும் மணலும். கண் திறந்துவிட்டால் தாய். அதற்குப் பிறகு தூரிகை அவள் மேல் படக் கூடாது. திரைக்குள் மேஸ்திரி இருப்பான், விளக்குப் பிடிக்க ஓர் ஆள் இருக்கலாம், வேறு யாருக்கும் இடமில்லை. பெண் கை கண்ணில் படவே கூடாது.

மடுல்கெல்லத் தோட்டத்தில்தான் என் கை முதலில் நடுங்கியது. கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது. விளக்குப் பிடித்தவள் என் பெண்சாதி வேலாயி. வெளியில் தப்பு அடிக்கிறார்கள், சனம் காத்து நிற்கிறது, நான் தூரிகையை வைத்துக்கொண்டு திணறுகிறேன்.

"குடுங்க இப்படி," என்றாள். "தப்படிக்கிறவன் கையி ஓஞ்சிரும் போலருக்கு."

தூரிகையை வாங்கி, ஊசிக்கு நூல் கோர்க்கிறவள் செய்வதுபோல, முனையை உதட்டில் வைத்துக் கூராக்கினாள். கொழுந்து கிள்ளிய விரல். அவசரமும் தெரியும், இலை கசங்காமல் எடுக்கவும் தெரியும். தப்பு நிற்பதற்குள் முடித்துவிட்டாள்.

திரை விலகியது. பிள்ளையைப் பறிகொடுத்த பாலம்மா என்று ஒருத்தி முன்னால் நின்றாள். "ஆத்தா என்னையவே பாக்குறா," என்று சொல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒவ்வொருவரும் தன்னைத்தான் பார்க்கிறாள் என்றார்கள். கங்காணி என் தலையில் பரிவட்டம் கட்டினார்.

அதன் பிறகு நான் மண்வெட்டி தொடவில்லை. ஹுன்னஸ்கிரியத் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. புசல்லாவையில் முன்பு சேவல் கொடுத்தவர்கள் கார் அனுப்பினார்கள். அறுபதை நெருங்கும்போது எனக்கு மேஸ்திரி என்று பேர் வந்தது. ஐயா, அந்த வயதில் வருகிற பேரை நீங்கள் அறிய மாட்டீர்கள். உங்களுக்குப் பிறக்கும்போதே இருந்தது. எனக்கு அது கிழவனுக்குப் பிறந்த ஒற்றைப் பிள்ளை மாதிரி.

வேலாயி எதுவும் கேட்கவில்லை. சாயம் அரைப்பாள், திரைக்குள் வந்து கண் வைப்பாள், வெளியே போய்ப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டுவாள்.

சும்மா இருந்த நேரத்தில் ஒரு தேயிலைப் பெட்டிப் பலகையில் அவள் ஒரு சேவல் வரைந்தாள். நாங்கள் சாயத்தூள் வாங்குகிற மஹ்ரூப் முதலாளி அவளிடம் அதை வாங்கிக் கண்டிக் கடையில் மாட்டி வைத்தார். பேராதனைப் பக்கத்து வெள்ளைக்காரத் துரைசாணி ஒருத்தி வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த முறை நான் போனபோது முதலாளி உட்காரக் கதிரையை இழுத்துப் போட்டார்.

"மேஸ்திரி, இந்தச் சேவல்ட கண்ணும் ஹுன்னஸ்கிரிய கோயில் அம்மன்ட கண்ணும் ஒரே கைதானே? பயப்பட வாணாம், நான் யாருக்கும் சொல்லப் போறல்ல. ஆனா வரைஞ்ச ஆளப் பாக்கணும்டு தொரசாணி கரைச்சல் தாறாங்க. அக்காவ அனுப்புங்களே."

நான் சொல்வதற்கு முன்பே வேலாயிக்கு விஷயம் போயிருந்தது.

"நான் வர்றேன்னு சொல்லி விட்டுட்டேங்க," என்றாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே. "கேட்டா, ஆத்தாவுக்குக் கண்ணு வச்சதும் நான்தான்னு சொல்லிருவேன்."

"பொம்பள வச்ச கண்ணுன்னு தெரிஞ்சா அத்தன கோயிலயும் இடிச்சிருவாங்கடி."

"இடிக்க மாட்டாங்க. கும்புட்டுப் பழகிட்டாங்க."

"அப்ப என் பேரு?"

"ஒங்க பேரு ஒங்ககிட்டயே இருக்கட்டும். நான் என் பேரத்தான கேக்குறேன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நான் அடித்திருப்பேன், அதோடு முடிந்திருக்கும். உங்கள் அம்மன் வேலை முடிந்ததும் போகலாம் என்றேன். சரி என்றாள். முகத்தில் ஒரு கோபமும் இல்லை. தீர்மானித்துவிட்டவளின் முகம்.

இப்போது மஞ்சளைப் பற்றிச் சொல்ல வேண்டும். காவி, கரி, சுண்ணம் எல்லாம் வேலாயி அரைப்பாள். மஞ்சளை மட்டும் நான் லயத்துக்கு வெளியே போய், மூக்கில் துணி கட்டிக்கொண்டு தனியாக அரைப்பேன். ஏன் என்று அவள் கேட்டபோது, அது அம்மன் நிறம், பெண் தொடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். அவள் நல்லதுக்காகத்தான் அந்தப் பொய். அரிதாரக் கல்லை அரைத்தால் வருகிற மஞ்சள் அது. பார்க்கத் தங்கம், உள்ளே பாஷாணம். என்னோடு வேலை செய்த சடையன் எத்தனை சொல்லியும் கேட்காமல் மஞ்சள் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்குவான். உள்ளங்கை மரப்பட்டை மாதிரி ஆனது. முதுகில் மழைத்துளி விழுந்த புழுதி மாதிரிப் புள்ளிகள். கால் மரத்தது. பிறகு வயிறு. அவனைப் புதைக்கத் தூக்கிப் போனபோது நானும் ஒரு தோள் கொடுத்தேன். அன்று முதல் மஞ்சளுக்கென்று ஈரத்துணி வைத்துக்கொண்டு அதில்தான் முனை தீட்டுவேன்.

உங்கள் அம்மனுக்கு மஞ்சள் பட்டு வேண்டும் என்று நீங்கள்தான் கேட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை.

நான் மஞ்சள் கிண்ணத்தை வேலாயி கையில் கொடுத்தேன். "இனிமே நீயே பூசு. கட்டு விலக்கியாச்சு," என்றேன். அவள் கிண்ணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு நான் அவளை மேஸ்திரியாக ஒப்புக்கொண்டேன் என்று நினைத்து அழுதாள். அது பாஷாணம் என்று நான் சொல்லவில்லை. ஈரத்துணியையும் கொடுக்கவில்லை. சரிகைக் கோடு மயிரிழைபோல இருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மயிரிழைக் கோட்டுக்கு அடிக்கடி முனை தீட்ட வேண்டும். ஒருநாள் நீங்கள் திரைக்கு வெளியே வந்து நின்று, "உள்ள யாரு மேஸ்திரி?" என்று கேட்டீர்கள். பெண்சாதி சாயம் கலக்குகிறாள் என்றேன். அப்போது அவள் உதடு மஞ்சளாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்தபோது நானே துடைத்துவிட்டேன்.

"காலு பஞ்சு மேல வச்ச மாதிரி இருக்குங்க," என்றாள் சில வாரங்களில். வயசாகிறது என்றேன். வாந்தியும் பேதியும் வந்தபோது வெளியில் ஊர் முழுக்க மலேரியாக் காய்ச்சல். மாத்தளைப் பக்கமும் கேகாலைப் பக்கமும் வீட்டுக்கு வீடு பிணம் விழுந்த வருஷம். டிஸ்பென்சர் ஐயா திண்ணமாகக் காய்ச்சல்தான் என்று கொயினா மருந்து கொடுத்தார். நான் தேன் கலந்து கொடுத்தேன், கசக்கும் என்பதால்.

நான் நினைத்தது இதுதான், ஐயா. அவள் சாக வேண்டும் என்றுகூட முதலில் இல்லை. துரைசாணி வீட்டுக்கு நடக்க முடியாமல் போனால் போதும். நடக்க முடியாமல் போன பிறகும் கிண்ணத்தை நான் வாங்கவில்லை. அதுவும் உண்மைதான். பட்டு முடியட்டும், கண் வைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றிருந்தேன்.

அங்கேதான் தவறிவிட்டேன். கண் கடைசியில்தான் வைக்க வேண்டும். முதலில் வைக்க முறை இருந்தால் அதைச் செய்யச் சொல்லிவிட்டு மஞ்சளைக் கொடுத்திருப்பேன். பட்டு முடிந்தபோது அவள் விரல் மரத்துவிட்டது. கண்ணுக்குக் கரி குழைத்துக் கொடுத்தேன். தூரிகை நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது.

"பட்டு நல்லா வந்துருக்கா?" என்று கேட்டாள்.

"நல்லா வந்துருக்கு."

"அந்தத் தொரசாணி அம்மாகிட்ட சொல்லணும், மஞ்சளும் நான்தான்னு."

அதுதான் அவள் கடைசியாக ஒழுங்காகப் பேசியது.

சாவுக்கு மஹ்ரூப் முதலாளி கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அவள் உள்ளங்கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். சாயம் விற்கிறவர், தெரிந்திருக்கலாம். காய்ச்சல் வருஷம், தெரியாமலும் இருந்திருக்கலாம். பிறகு போய்விட்டார். அந்தக் கடையில் நான் இப்போது சாயம் வாங்குவதில்லை.

பொலிசுக்குச் சொல்வதென்றால் சொல்லுங்கள், நான் இங்கேதான் இருப்பேன். ஆனால் ஒன்று யோசியுங்கள். நான் அவளைக் கைநீட்டி அடித்ததில்லை. பட்டினி போட்டதில்லை. ஆசைப்பட்ட மஞ்சளைக் கொடுத்தேன். அவளுக்குப் பெட்டி, கருமாதி, சோறு, ஒன்றும் குறைவைக்கவில்லை. வேலாயி கணக்கு தீர்ந்துவிட்டது.

உங்கள் கோயிலுக்குத்தான் ஒரு சோடிக் கண் கடன் நிற்கிறது. அதைத் தவிர நான் யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை.