பரலில் ஊன்றிய கிற்றார்

போர்க்காலத் தடையில் கரண்டும் இல்லாத கோப்பாயில், கடை வாசலில் நின்ற ஒற்றை இரும்புப் பீப்பாயை, அந்தப் பரலை நம்பி, விடியலிலிருந்து மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றோம். கடைக்காரர் இன்னும் வரவில்லை. எனக்கு முன்னால் நின்றவரின் கையில் வெறும் எண்ணெய்க் கான், தோளில் பேஸ் கிற்றார். அதன் தலையில், தடித்த கம்பியைச் சுற்றும் ஆணியோடு ஒரு சைக்கிள் பிறேக் பிடி பூட்டியிருந்தது.

"உதென்ன மச்சான், கிற்றாருக்கும் பிறேக்கோ?" என்றார் அவரோடு வந்த பாடகர். அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"இதைத் தட்டினால் கம்பி இளகி ஒரு சுரம் கீழை இறங்கும். திருப்பித் தட்டினால் பழைய இடத்திலையே வந்து நிக்கும்."

"ஆணியைக் கையாலை திருகினால் என்ன?"

"பாட்டுக்கு நடுவிலை திருகேலுமோ? கூடத் திருகி அறுந்தால், வேறை தடிக்கம்பி யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் இல்லை. நாளைக்குக் கலியாணவீட்டிலை உன்ரை தொண்டைக்காகத்தான் இறக்கி வாசிக்கப்போறன்."

"கரண்ட் இல்லாமல் உன்ரை பேஸ் ஆருக்குக் கேக்கும்?"

"பொறு, காட்டுறன்."

கிற்றார்காரர் வரிசையை விட்டுப் போய், கிற்றாரின் அடிப்பக்கத்தைப் பரலில் அழுத்தி ஊன்றிக் கம்பியை மீட்டினார். பிடியைத் தட்டி மறுபடியும் மீட்டினார். பரல் முழங்கிய முழக்கம் என் உள்ளங்கால் வரை வந்தது.

"கேட்டுதோ?" என்றார் பெருமையாக.

வரிசையில் முதலாவதாக நின்ற ஓர் அம்மா தன் கானைத் தூக்கிக்கொண்டார்.

"வடிவாய்க் கேட்டுது தம்பி. உப்பிடி முழங்கிறதெண்டால் உள்ளுக்கை ஒரு சொட்டு எண்ணெயும் இல்லை. நான் வீட்டை போறன்."