முப்பத்தைந்து நிமிடம்

எனக்குப் புகைப்பழக்கம் கிடையாது, டாக்டர். மாதத்தில் ஒரு சனிக்கிழமை, கொஞ்சம் குடிக்கும்போது மட்டும், இரண்டு சிகரெட். மிஞ்சிப்போனால் மூன்று. மற்ற நாட்களில் பஸ் ஸ்டாப்பில் யாராவது பற்றவைத்தால் நான் தள்ளிப்போய் நின்றுகொள்வேன். இதைப் பழக்கம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

போனை உள்ளே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்ததற்கு நன்றி. நீங்கள் மூன்று தடவை கூப்பிட்டும் நான் பிடிகொடுக்கவில்லை. இன்று ஆராதனை முடிந்ததும் என்னவோ தோன்றியது, சுசீந்திரத்துக்குப் பஸ் ஏறிவிட்டேன். காரை எடுத்து வந்திருக்கலாம். உங்கள் வீட்டு முன்னால் என் காரை யாராவது பார்த்தால் நன்றாக இருக்காது.

ஜான்ரோஸுக்கு நெஞ்சுவலி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, அந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் மணியை மட்டும் சொன்னால் என்னைப் பற்றி உங்களுக்குத் தப்பாகத் தோன்றும். அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்கு உதிரிபாகம் வைக்கும் ஸ்டோரில் நான் பொறுப்பாளர். பதினாறு வருடமாக அதே மேஜை. ஜான்ரோஸ் காற்றாலைகளில் ஏறி வேலை செய்கிறவன். கிரீஸ் டின்னோ போல்ட்டோ வாங்க வருவான், அப்படித்தான் பழக்கம். சனிக்கிழமை மத்தியானத்தோடு ஆட்கள் போய்விடுவார்கள். மாதக் கடைசிச் சனிக்கிழமை நாங்கள் அந்த ஸ்டோரில் உட்காருவோம். முன்பு பிபின் என்று ஒருவனும் உண்டு, அவன் மஸ்கட் போய்விட்டான். பிறகு நாங்கள் இருவர்தான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கிற காற்று உங்களுக்குத் தெரியும். கதவைத் திறந்து வைத்தால் தீக்குச்சி நிற்காது. அதனால் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டுக்கொள்வோம்.

சிகரெட் எப்போதும் அவனுடையது. நான் வாங்கியதில்லை. என் மாமனார் நுரையீரல் புற்றுநோயில் போனவர். கல்யாணமான புதிதில் என் மனைவி ஜெயபாய் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாக்குக் கேட்டாள். சிகரெட் வலிக்கக்கூடாது என்று அவள் கேட்டாள். காசு கொடுத்து வாங்கமாட்டேன் என்று நான் சொன்னேன். அவள் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். பத்தொன்பது வருடம் அந்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன். எத்தனை பேர் இப்படிக் காப்பாற்றுவார்கள் என்று தெரியவில்லை.

போன ஜனவரியில் ஜான்ரோஸுக்கு முதல் தடவை நெஞ்சுவலி வந்தது. திருவனந்தபுரம் கொண்டுபோய் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். இனி ஒரு சிகரெட்கூட ஆகாது, குடியும் ஆகாது என்று சொல்லி அனுப்பினார்கள். அவனுடைய மனைவி ஜினியை உங்களுக்குத் தெரியும். பால்வாடி டீச்சர். அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து என்னிடம்தான் சொன்னாள்: "எபி அண்ணா, நீங்க வலிக்க மாட்டீங்க. நீங்க கூட இருந்தா அவரும் வலிக்க மாட்டாரு. அவரக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க." பாத்துக்கிடுகேன் மக்களே என்றேன். அப்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

மார்ச்சில் அவன் மறுபடியும் ஸ்டோருக்கு வந்தான். காற்றாலையில் ஏறும் வேலையிலிருந்து மாற்றி, கீழே கண்ட்ரோல் ரூமில் உட்காரவைத்திருந்தார்கள். சர்பத் குடித்தான். நான் என் கிளாஸை ஊற்றிக்கொண்டேன். பாதி குடித்ததும் என் விரல்களை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. குடித்தவர்களுக்குத்தான் அது புரியும். உங்களுக்கு எப்படிச் சொல்வது? வயிற்றில் எரிவது தொண்டைக்கு ஏறி, அங்கே எதையோ தேடும். எழுந்து நாலு அடி நடந்தேன். நாலாவது அடியில் பேரிங் ரேக் வந்துவிட்டது. திரும்பி நாலு அடி. அந்த அறை அவ்வளவு சின்னது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே பெட்டிக்கடை இருக்கிறது. போய் வாங்கலாம். ஆனால் வாங்கினால் நான் வேறு ஆள் ஆகிவிடுவேன். எதிரே ஜான்ரோஸ் முகம் தெளிந்து, ஆறு கிலோ குறைந்து, நிம்மதியாக உட்கார்ந்திருந்தான். எனக்கு அவன்மேல் கோபம் ஒன்றும் வரவில்லை. அவன் சரியாக இல்லை என்று மட்டும் தோன்றியது.

ஜனவரியில் அவன் ஸ்டோரில் விட்டுப்போன பாக்கெட் ஒன்று என்னிடம் இருந்தது. ஆறு சிகரெட். பேரிங் பெட்டிகளில் ஈரம் பிடிக்காமல் இருக்க ஒரு சின்னப் பொட்டலம் போட்டு வரும், அதில் இரண்டை எடுத்துப் பாக்கெட்டோடு கவரில் கட்டி வைத்திருந்தேன். எதற்கு வைத்தேன் என்று அப்போது யோசிக்கவில்லை. ஸ்டோர்க்காரன் எதையும் தூரப் போடமாட்டான்.

ஏப்ரலில் அதை மேஜைமேல் வைத்தேன்.

"இது உன் சாதனமாக்கும். நான் தொடல்ல. நீயே தூரப் போடு."

அவன் ஒன்றை வெளியே எடுத்து விரலில் உருட்டினான். மோந்து பார்த்தான். திரும்பப் பாக்கெட்டில் வைத்து என் பக்கம் தள்ளினான். தூரப் போடவில்லை. அது எனக்குப் போதும்.

மே மாதம் அவனே ஒரு பெக் ஊற்றிக்கொண்டான். ஒன்றால் என்ன ஆகும் என்று நான் சொல்லியிருக்கலாம், நினைவில்லை. பிறகு எனக்கு ஒரு சிகரெட் பற்றவைத்துத் தரச் சொன்னேன். "எனக்கு வலிக்கத்தான் தெரியும் மக்கா, பத்த வைக்கத் தெரியாதுல்லா. நீ பத்த வச்சு மட்டும் தா." சிகரெட்டைப் பற்றவைக்க ஒரு இழுப்பு இழுத்தாக வேண்டும். அது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அன்றைக்கு இரண்டு பற்றவைத்துத் தந்தான். ஜூனில் மீதி நாலையும் ஆளுக்கு இரண்டாக முடித்தோம். அவன் சிரித்தான். பழைய ஜான்ரோஸ் வந்துவிட்டான் என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. "ஜினிக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னு போடுவா" என்றான். "அவளுக்கு யாரு சொல்லுவா" என்றேன்.

ஜூலையில் அவன் புதுப் பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்தான். நான் வாங்கச் சொல்லவில்லை. அவனே வாங்கினான், இதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு ஆரம்பித்தது.

மேஜைக்கு எதிரே சுவர்க்கடிகாரம் இருக்கிறது. அதனால் சரியாகத் தெரியும். இரண்டாவது சிகரெட்டின் பாதியில் அவன் கையை நெஞ்சில் வைத்தான். "எபி, நெஞ்சுல என்னவோ அடைக்குவு மக்கா" என்றான். சட்டைப்பையிலிருந்து மாத்திரை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டான். குறையும் என்று காத்திருந்தோம். குறையவில்லை. வியர்த்துக் கொட்டியது. "ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றான்.

போகலாம்தான். கார் வெளியே நின்றது. 108-ஐயும் கூப்பிடலாம். ஆனால் அவன் வாயிலும் சட்டையிலும் அந்த வாசம் இருந்தது. என் வாயிலும். வந்து தூக்குகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். நீங்களும் அதைத்தான் பார்த்தீர்கள். கேஸ் ஷீட்டில் எழுதுவீர்கள், ஜினி படிப்பாள், ஜெயபாய்க்குத் தெரியும். இதெல்லாம் ஒரு நிமிடத்தில் என் மனதில் ஓடியது. பதறாமல் இருந்தால் எல்லாவற்றையும் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். பொறுப்பான வேலையில் இருக்கிறவனுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும்.

முதலில் அவனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தேன். பின்னால் போய்க் கொய்யா இலை பறித்து வந்தேன். சிகரெட் வாசத்துக்கு அதைவிட நல்லது இல்லை. நாலு இலை மெல்லச் சொன்னேன். இரண்டுதான் மென்றான். சட்டையைக் கழற்றினேன். ஸ்டோரில் கம்பெனிச் சட்டைகள் கவர் பிரிக்காமல் இருக்கும், அவன் அளவில் ஒன்றை எடுத்துப் போட்டு பட்டனையும் நானே மாட்டினேன். ஐந்து நிமிடத்தில் அது வியர்வையில் நனைந்துவிட்டது. வியர்வையிலும் வாசம் வருவதுபோல் இருந்தது. அதனால் இன்னொன்றை எடுத்தேன்.

"ஜினிய விளி" என்றான்.

போனைக் காதில் வைத்துவிட்டு, எடுக்கல்ல மக்கா என்றேன். நான் நம்பரை அழுத்தவில்லை.

கிளாஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் எழுந்து கதவுக்குப் போனான். அந்தத் தாழ்ப்பாள் காற்று தள்ளும்போது இறுகிக்கொள்ளும். கதவைத் தோளால் வெளிப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் அதை எடுக்க வேண்டும். அவனுக்குப் பழகின தாழ்ப்பாள்தான், ஆனால் அன்றைக்குக் கையில் பலம் இல்லை. இரண்டு தடவை முயன்றுவிட்டுக் கதவில் நெற்றியை வைத்து நின்றான். வெளியே காற்றாலைகள் சுற்றுகிற சத்தம். அவன் திரும்பாமலே சொன்னான்: "எபி, நான் ஜினிகிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேன் மக்கா. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். என்னைக் கொண்டு போ."

நம்பினேன். அவன் பொய் சொல்கிறவன் இல்லை. ஆனால் வலியில் இருக்கிறவன் என்ன சொல்கிறான் என்பது அவனுக்கே தெரியாது. மயக்கத்தில் ஏதாவது உளறிவிட்டால்? "ஒரு அஞ்சு நிமிஷம்" என்றேன். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, நானும் வாய் கொப்பளித்து, இலை மென்று, சட்டை மாற்றி, சாம்பலைத் துடைத்து, பாக்கெட்டையும் பாட்டிலையும் பழைய பெயின்ட் டின்னில் போட்டு மூடினேன். நாலு நாற்பதுக்குத் தாழ்ப்பாளை எடுத்தேன். முப்பத்தைந்து நிமிடம். ஐந்து நிமிடம் என்று அவனிடம் சொன்னது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

வழியில் கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன். காற்று நன்றாக உள்ளே வந்தது. தோவாளை தாண்டியதும் அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். ஐந்து எட்டுக்கு உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். எப்போது ஆரம்பித்தது என்று கேட்டீர்கள். கோட்டாறில் சாமான் வாங்கிக்கொண்டிருந்தோம், இப்போதுதான், பத்து நிமிடம் இருக்கும் என்றேன். குடித்தாரா, சிகரெட் உண்டா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். நீங்கள் அவன்மேல் குனிந்தபோதே உங்களுக்குத் தெரிந்துவிட்டது. என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, பார்த்ததைப் பார்த்தபடி எழுதினீர்கள். ஐந்து நாற்பதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

நீங்கள் அதை எழுதாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. வாசம் என்று எழுதி அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. ஜினி அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். "அண்ணா, சத்தியமாச் சொல்லுங்க. இவரு வலிச்சாரா?" அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? இல்ல மக்களே என்றேன். அவ்வளவுதான். அப்புறம் அவளுக்கு ஒரே வழிதான் இருந்தது. பத்து நிமிடத்தில் கொண்டுவந்த மனிதர், பாதுகாப்பாக வந்து சேர்ந்தவர், எப்படிச் செத்தார்? இந்தச் சின்ன டாக்டர் நேரத்தைக் கடத்திவிட்டு, அதை மறைக்கிறதுக்கு அவர் பேரைக் கெடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். சபையிலிருந்து வந்தவர்கள் சத்தம் போட்டார்கள். நான் முன்னால் நின்று, அமைதியாக இருங்கள், முறைப்படி புகார் கொடுப்போம் என்றேன். புகாரையும் நான்தான் எழுதிக்கொடுத்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். அவனை வெட்டுவதை நினைக்க முடியவில்லை.

நான் சுகமாக இருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிறுதோறும் ஜினி எங்களை வீட்டுக்குக் கூப்பிடுகிறாள். கடைசி நாளில் அவர் என்ன பேசினார் என்று கேட்கிறாள். கோட்டாறு கடையில் அவளுக்கு ஒரு குடை பார்த்தான் என்று முதல் தடவை வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். இப்போது ஒவ்வொரு வாரமும் அந்தக் குடையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வாரம் என்ன நிறம் என்று கேட்டாள். சபையில் என்னைச் சாட்சி சொல்ல வைத்தார்கள், நண்பனைத் திருத்திய நண்பன் என்று. ஜெயபாய் பெருமையோடு முதல் வரிசையில் இருந்தாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கதவு, அதற்கு அந்தப் பக்கம் எனக்கு நன்றி சொல்ல யாரோ நிற்கிறார்கள். ஸ்டோரில் இப்போதெல்லாம் நான் கதவைச் சாத்துவதில்லை. காற்று காகிதங்களை அள்ளிக்கொண்டு போகிறது.

நீங்கள் இந்தத் தாளையும் பேனாவையும் என் பக்கம் நகர்த்துகிறீர்கள். எழுதித் தரமுடியாது, டாக்டர். நீங்கள் கேட்டது மணி. அதைச் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் மனதுக்கு ஒரு தெளிவு வந்திருக்கும், உங்கள் தப்பு இல்லை என்று உங்களுக்குத் தெரிந்தால் போதாதா? வியாழக்கிழமை உங்கள்மேல் நடக்கும் விசாரணையில் நான் பத்து நிமிடம் என்றுதான் சொல்வேன். உங்களுக்கு இருபத்தெட்டு வயது. வேறு ஊர் இருக்கிறது, வேறு ஆஸ்பத்திரி இருக்கிறது. ஜினிக்கு அவன் நினைவைத் தவிர வேறு என்ன இருக்கிறது? அதையும் பிடுங்கினால் அவள் உடைந்துபோவாள். பெண்கள் அழுவதை என்னால் பார்க்க முடியாது. தயவுசெய்து கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்.