அலுமாரிக்கு அந்தப் பக்கம்

லவீனா நன்றாகச் சமைப்பாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் என்னை வஞ்சகி என்று நினைக்கக் கூடாது. அவள் வைக்கும் கத்தரிக்காய்ப் பாற்கறியை நானே இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன். அவள் என் தம்பி குகதாசனின் மனைவி. குருநகர்ப் பெண், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரர். அவர்களுடைய காதலுக்கு நான் குறுக்கே நிற்கவில்லை, ஐயா. அவளுக்குக் கலியாணச் சட்டை தைத்துக் கொடுத்ததே நான்தான்.

நீர்வேலியில் எங்கள் வீட்டை நீங்கள் வந்து பார்த்தீர்கள். அரசாங்க வீட்டுத்திட்டத்தில் தொடங்கியது, ஓர் அறைக்குத்தான் கூரை போட முடிந்தது. மற்றச் சுவர்கள் இடுப்பளவில் நிற்கின்றன. காணி என் பெயரில் இருக்கிறது, அம்மா எனக்குச் சீதனமாக எழுதியது. எனக்குக் கலியாணம் சரிவரவில்லை என்பதற்காகக் காணி உறுதிப் பத்திரம் பொய்யாகிவிடாது. எங்கள் ஊரில் ஆண்பிள்ளை கலியாணம் கட்டினால் பெண்ணுடைய வீட்டுக்குப் போய்விடுவான். லவீனாவின் வீட்டை அவளுடைய அக்காவுக்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் குகதாசன் அவளை இங்கே கூட்டி வந்தான். "கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா" என்றான். அது ஒன்றரை வருடமாயிற்று.

அறை பன்னிரண்டு அடிக்குப் பதினான்கு அடி. நான் தையல்காரி, என் நாடாவால் அளந்திருக்கிறேன். நடுவில் அம்மாவின் அலுமாரியைக் குறுக்கே நிறுத்தினோம். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நானும் தையல் மெஷினும் சாமிப் படங்களும். அவள் தண்ணீர் விழுங்குவதுகூட எனக்குக் கேட்கும். குகதாசன் லான்ட்மாஸ்டர் வண்டியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போய்விட்டால், பகல் முழுக்க நாங்கள் இருவர்தான். நான் மெஷினை மிதித்தால் அவளும் அந்தப் பக்கம் ஏதாவது வேலையைத் தொடங்குவாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்துவாள். நீங்கள் இதைத் தற்செயல் என்பீர்கள். நான் ஒரு கிழமை, ஏழு நாளும் கவனித்துப் பார்த்தேன். தற்செயல் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் நான் சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு அறை முழுக்கக் காட்டுவேன். அம்மா காலத்து வழக்கம். தணல் வந்ததும் லவீனா எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் நேராகவே சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம்.

"அவளுக்கு முட்டு இழுக்கும் அக்கா, புகை ஒத்துவராது. பம் அடிச்சாத்தான் மூச்சு வரும்" என்று குகதாசன் சொன்னான். வாயில் வைத்து மருந்தை அடித்து இழுக்கிற அந்த நீல நிறப் பம் அவளுடைய தலையணைக்கு அடியிலேயே இருக்கும். நான் கேட்டுக்கொண்டேன். ஆனால் குசினிக் கொட்டிலில் மீன் பொரிக்கும் புகை மட்டும் எப்படி ஒத்துவருகிறது என்று யோசித்தேன். கொட்டிலுக்கு மூன்று பக்கம் சுவரில்லை என்று நீங்கள் சொல்லக்கூடும். எனக்கும் அது தெரியும்.

புரட்டாதியில் அவர்கள் இருவருக்குள்ளும் குசுகுசுப்புத் தொடங்கியது. நான் கிணற்றடியிலிருந்து திரும்பினால் நின்றுவிடும். ஒரு ஞாயிறு மத்தியானம் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

"மச்சாளிட்டை எப்பிடிச் சொல்லுறது?" என்றாள் அவள். மச்சாள் என்றது என்னைத்தான்.

"சொல்லத்தானே வேணும். வீட்டுக்குக் கையெழுத்து வைக்கிற நாள் கிட்டுது."

"அவ தாங்கமாட்டா. இன்னும் ஒரு மாதம் பொறுங்கோ."

வீடு, கையெழுத்து. இதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உடனே உறுதியை எடுத்துப் பார்த்தேன். மடிப்பு மாறியிருந்தது போல இருந்தது. அதை என் தலையணைக்குள் வைத்துத் தைத்துவிட்டேன். எனக்குப் பயமாக இருந்தது, ஐயா. சொந்த வீட்டில் அகதியாவதற்கு எவருக்கும் பயமாகத்தான் இருக்கும். அவளிடம் ஒருநாள் கேட்டேன், "என்ன பிள்ளை, ரெண்டு பேரும் என்ன கதைக்கிறியள்?" என்று. "ஒண்டுமில்லை மச்சாள்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. முற்றத்தில் கணுக்கால் அளவு வெள்ளம். அவள் விட்ட மூச்சை நானும் நான் விட்ட மூச்சை அவளும் எடுத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் வெள்ளிக்கிழமை, குகதாசன் சந்தையிலிருந்து இன்னும் வரவில்லை. பின்னேரம் அவள் குடையோடு கழிப்பறைக்குப் போனபோது, நான் அந்தப் பக்கம் போய்ப் பம்மை எடுத்தேன். மெஷின் மேசை லாச்சியை இழுத்து நூற்கட்டைகளோடு வைத்தேன். முட்டு உண்மையா நடிப்பா என்று தெரிய வேண்டியிருந்தது. ஓர் அறைக்குள் இருக்கிறவர்களுக்கு அவ்வளவாவது தெரிந்திருக்க வேண்டும்.

அவள் வந்ததும் கதவைப் பூட்டினேன், சாரல் அடித்தது. சாம்பிராணி வழக்கத்தைவிட இரண்டு பிடி கூடப் போட்டேன். பூட்டிலிருந்து திறப்பை எடுத்து மடியில் செருகிக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தேன்.

"மச்சாள், கதவைக் கொஞ்சம் திறவுங்கோ" என்றாள்.

"மழை, பிள்ளை."

பாயை உதறும் சத்தம், பெட்டியைக் கவிழ்க்கும் சத்தம். "மச்சாள், என்ரை பம்மைக் கண்டனீங்களோ?"

"இல்லைப் பிள்ளை" என்றேன்.

பக்கத்து வீட்டு வினோஜாவின் சட்டைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். ஒரு கை முடிந்ததும் மெஷினை நிறுத்தினேன். அந்தப் பக்கம் சத்தம் நிற்கவில்லை. அலுமாரியின் முதுகில் தட்டிக்கொண்டிருந்தாள். மற்றக் கையையும் தைத்து முடித்து நிறுத்தினேன். இந்த முறை அவளும் நிறுத்திவிட்டாள். நடிப்பில்லை என்று அப்போது தெரிந்தது. பம்மை அவளுடைய கைக்குப் பக்கத்தில் வைத்தேன். கதவைத் திறந்து, புகை போகும்வரை நின்றுவிட்டு, வினோஜாவைக் கூப்பிட்டேன். மழைக் குளிரில் முட்டுக் கூடிவிட்டது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

அவளுடைய முப்பத்தோராம் நாள் நினைவுப் பூசைக்குப் பிறகு குகதாசன் என் பக்கம் வந்து உட்கார்ந்தான். குருநகரில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்திருந்தார்களாம். கையெழுத்து அந்த வீட்டுக்காம். "நான் புரட்டாதியிலேயே போவம் எண்டனான் அக்கா. அவள்தான் பொறுங்கோ, மச்சாள் தனிய என்ன செய்வா எண்டு மறிச்சவள்" என்று சொல்லிச் சின்னப் பிள்ளைபோல அழுதான். அவனுடைய தலையைத் தடவிக் கொடுத்தேன். அடுத்த நாள் காலையில் இங்கே பொலிசுக்கு வந்தேன்.

பம்மை ஒளித்தது நான், கதவைப் பூட்டியது நான், புகை போட்டது நான். ஒன்றையும் மறைக்கவில்லை. ஆனால் குகதாசன் சொன்ன அன்றே போயிருந்தால் அவள் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பாள். மறித்தது அவள்தான், ஐயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.