கடிக்க மறுத்த ரத்தக்காட்டேரி

பாக்கியசீலன்: ஐயாயிரம். உன் பயத்துக்கு ஐயாயிரம் ரூவா தாரேன் வடிவு. கையில.

சுடலைவடிவு: என் பயத்துக்கா?

பாக்கியசீலன்: ஒரே ஒரு பயம். பெருசாக்கூட வேண்டாம். “லேசா ஈரக்கொல நடுங்கிச்சு”ன்னு சொன்னாப் போதும்.

சுடலைவடிவு: அண்ணாச்சி, நான் பேய்ப்படம் பாத்துப் பயந்து ஒம்பது வருசம் ஆச்சு. பேய்ப்படம் வாரப்பல்லாம் வந்து உக்காருதேன், எவனாலயும் முடியல. அப்பேர்ப்பட்ட பயத்துக்கு ஐயாயிரமா?

பாக்கியசீலன்: சரி, ஆறு.

சுடலைவடிவு: கத்திரிக்காயா வாங்குதிய?

பாக்கியசீலன்: கத்திரிக்கான்னா மூணு கடை ஏறி இறங்கிருவேன்லா. இந்தச் சரக்கு உன்ட்ட மட்டுந்தான இருக்கு. நீ ஃபோன எடுத்து லைவ்ல, “எம்மா, பயந்துட்டேன்”னு ஒரு வார்த்தை பேசி விட்டா, பாளையங்கோட்டைல இருந்து திசையன்விளை வரைக்கும் சனம் கெளம்பிரும். பேய்ப்படம்னா சுடலைவடிவு சொல்லதுதான்னு இருக்காங்க.

சுடலைவடிவு: இருக்காங்கள்லா? அந்தப் பேர ஆறாயிரத்துக்கு வித்துட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை எந்த வாயால பேச?

பாக்கியசீலன்: சரி, பயம் வேண்டாம். ஒரு திடுக்கு? திடுக்குக்கு என்ன வெல?

சுடலைவடிவு: திடுக்கு வேற, பயம் வேற. கதவு படார்னு அடிச்சா பூனைக்குக்கூடத் திடுக்குங்கும். அதுக்குப் பூனையக் கூப்புட்டு வச்சுப் பேசுங்க.

பாக்கியசீலன்: ஏழு. இதுக்கு மேலன்னா என் சட்டையத்தான் கழட்டணும்.

சுடலைவடிவு: கழட்டாதிய. அது வேற பேய்ப்படம்.

பாக்கியசீலன்: சிரிக்காத பிள்ள... மணி அஞ்சு. ஆறு மணி ஷோவுக்கு இதுவரைக்கும் எத்தன டிக்கெட் போயிருக்குன்னு தெரியுமா?

சுடலைவடிவு: எத்தன?

பாக்கியசீலன்: பதினொண்ணு. அதுல ரெண்டு, ஏசி ஓடுதான்னு கேட்டுட்டு வாங்குனது.

சுடலைவடிவு: ஓடுதா?

பாக்கியசீலன்: ...டிக்கெட்தான் வாங்கியாச்சே, இனி எதுக்கு அந்தப் பேச்சு. இங்க பாரு, இருநூத்திப் பன்னெண்டு சீட்டும் இன்னைக்கு நெறையணும். நெறையலன்னா திங்கக்கிழமை தியேட்டர் சாவிய என் மச்சான் கைல குடுக்கணும். சோபாக்கடை போடப் போறானாம்.

சுடலைவடிவு: இங்கனயா? இந்தக் கொட்டாயிலயா?

பாக்கியசீலன்: கட்டடம் அவன் பேர்லலா கெடக்கு. “ஒரே ஒரு ஷோ நெறச்சுக் காட்டுங்க அத்தான், பொறவு நான் வாயத் தொறக்கல”ன்னு சபையில அத்தன பேரு முன்னால சொல்லிட்டான். ஆராதனை முடிஞ்சு செருப்பக்கூட மாட்டல நான்.

சுடலைவடிவு: சோபாக்கடைக்கு அம்புட்டு அவசரமா அவருக்கு?

பாக்கியசீலன்: அவன் மண்டைக்குள்ளயே பூராம் பஞ்சுதான் வடிவு. சோபாவ அங்கனயே செஞ்சுக்கலாம்.

சுடலைவடிவு: ஏ அண்ணாச்சி... சத்தமாப் பேசாதிய.

பாக்கியசீலன்: இங்கன யாரு இருக்கா கேக்கதுக்கு?

சுடலைவடிவு: அதுஞ்சரி. ஆனா உங்களுக்கு வேற படமே கெடைக்கலையா? புரட்டாசி மாசம். பாதி சனம் குலசை அம்மன் தசராவுக்கு மாலை போட்டு வெரதம் இருக்கு, படம் கிடம் பாக்காது. மிச்சம் உள்ளவங்களையாவது இழுக்க வேண்டாமா? பிளஸ் டூ படிக்க ஒரு ரத்தக்காட்டேரி, கூடப் படிக்க பிள்ளையக் காதலிக்க மாதிரி இங்கிலீசுப் படத்தத் தமிழ்ல கொண்டாந்து...

பாக்கியசீலன்: வெல சல்லிசா வந்துச்சும்மா. போஸ்டர்ல பல்லு தெரிஞ்சுச்சு. பேய்ப்படம்னு நெனச்சுட்டேன்.

சுடலைவடிவு: அந்தப் பல்ல நம்பித்தான் கொட்டாயத் தூத்துட்டுக் கெடந்த பலவேசத்த வாசல்ல நிப்பாட்டிருக்கியளா?

பாக்கியசீலன்: நல்லாத்தான இருக்கான்? கருப்பு அங்கி, கடவாயில ரத்தச் சாயம், உன் வேசக்கடையில வாடகைக்கு எடுத்த காளி வேசப் பல்லு... வெளம்பரத்துக்குத்தான்.

சுடலைவடிவு: நான் வாரப்ப மூணு பொம்பளைங்க அவனக் கும்புட்டுட்டு நிக்காங்க.

பாக்கியசீலன்: ஆமா. காணிக்கையும் போடுதாங்க.

சுடலைவடிவு: போடத்தான் செய்வாங்க. தசரா மாசத்துல கோரைப்பல்ல வச்சுக்கிட்டு ஒருத்தன் ரோட்டுல நின்னா, அவன் அம்மனுக்கு நேந்து வேசம் கட்டுனவன். கையில இருக்கதப் போட்டுக் கும்புட்டுட்டுப் போவாங்களா, அவன்ட்ட டிக்கெட் என்ன வெலன்னு கேப்பாங்களா?

பாக்கியசீலன்: வேதக்கார வீட்டுல பொறந்தவனுக்கு இது எங்க தெரியுது? மத்தியானம் ஒரு அம்மா கைப்பிள்ளையத் தூக்கிட்டு வந்து, நெத்தில குங்குமம் வச்சு விடுங்கன்னு நின்னுட்டு. இவன் ரத்தச் சாயத்தத் தொட்டு வச்சு விட்டுட்டான்.

சுடலைவடிவு: அடப்பாவி!

பாக்கியசீலன்: பிள்ள அழுகைய நிப்பாட்டிட்டாம்.

சுடலைவடிவு: காணிக்கையில ஒத்த ரூவா தொட்டிராதிய. அப்படியே குலசை உண்டியலுக்குப் போவணும்.

பாக்கியசீலன்: நான் எங்க தொட? டப்பாவப் பாத்தாலே பயமா இருக்கு. பாரு, எனக்கே வருது. உனக்கு வந்தா என்ன?

ரீபா: டீ... அண்ணாச்சி, பதினொண்ணு பன்னெண்டாயிட்டு.

பாக்கியசீலன்: ஸ்தோத்திரம்! யாரு அந்தப் பன்னெண்டாவது?

ரீபா: பலவேசத்துக்கு மதினி. அவன் இந்த வருசம் வேசம் கட்டுனத வீட்டுல சொல்லவே இல்லையாம். சண்டை போட வந்துச்சு. வெயிலா இருக்குன்னு ஒரு டிக்கெட் எடுத்து உள்ள போய் உக்காந்துட்டு.

பாக்கியசீலன்: போ பிள்ள, போயி கவுண்டர்ல இரி. உன் மொகத்தப் பாத்தாவது நாலு பேரு வரட்டும்... சரி வடிவு, காசு பேச்சு விட்டாச்சு. உள்ளதச் சொல்லு. நேத்து மேட்னி பாத்தல்லா, படம் எப்படி?

சுடலைவடிவு: தாங்குவியளா?

பாக்கியசீலன்: டீயக் குடிச்சுக்கிடுதேன். சொல்லு.

சுடலைவடிவு: மொதல்ல பல்லு. அது வெளிய வாரதே இடைவேளைக்குப் பொறவு. எத்தன? ரெண்டு. பால்பல்லு மாதிரி. எங்க கடையில சின்னப்பிள்ளைக்குக் குரங்கு வேசம்னாக்கூட அத விடப் பெருசாச் செஞ்சு குடுப்பேன்.

பாக்கியசீலன்: பல்ல விடு. ஆள் எப்படி?

சுடலைவடிவு: ஆளு... இருநூறு வருசமா அதே பிளஸ் டூ. பாளையங்கோட்டைல ஒரு பய ஒரு வருசம் பெயிலானாலே, சித்தப்பன் பெரியப்பன் எல்லாம் கூடி உக்காந்து ஐடிஐ-ல சேத்து விட்டுருவாங்க. இவனுக்குக் கேக்க நாதியில்ல.

பாக்கியசீலன்: வெளியூருப் படம்லா.

சுடலைவடிவு: வெயில் பட்டா ரத்தக்காட்டேரி எரியணுமா வேண்டாமா? இவன் குடை புடிக்கான். குடை! நம்ம சித்திரை வெயிலுக்கு வரச்சொல்லுங்க, குடையோட எரிவான். தமிழ்ல குரல் குடுத்தவன் அதுக்கு மேல. “உன் குருதியின் வாசனை என்னை அழைக்கிறது”ன்னு, ரயில் லேட்டுன்னு அறிவிக்க மாதிரி சொல்லுதான்.

பாக்கியசீலன்: ராத்திரி சன்னல் வழியா வருவானே, அது நல்லா இருக்கும்லா?

சுடலைவடிவு: அதக் கேளுங்க. அந்தப் பிள்ள தூங்குது. சன்னல் தொறக்கு. நான் ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல வச்சுட்டேன். வாரான்... பைய வாரான்... குனியுதான்... கழுத்துக்கிட்ட...

பாக்கியசீலன்: கழுத்துக்கிட்ட...

சுடலைவடிவு: போர்வைய இழுத்துப் போத்திட்டுப் போறான்!

பாக்கியசீலன்: மரியாதையான பய.

சுடலைவடிவு: பேய்க்கு எதுக்கு அண்ணாச்சி மரியாதை? என் ரத்தம் வேணும், என் உசுரு வேணும்னு அது தவிக்கணும். அப்பத்தான நான் பயப்பட? வேண்டாம் வேண்டாம்ங்க பேயிட்ட நான் என்னத்தப் பயப்பட? கல்யாண வீட்டுல கையக் கழுவிட்டு நிக்கவன்ட்ட சோத்தப் பதுக்கவா செய்வோம்?

பாக்கியசீலன்: அந்தப் பிள்ளையே கேக்குதே, கடி கடின்னு.

சுடலைவடிவு: கேக்குதுல்லா! “என்னையும் உன்ன மாதிரி ஆக்கிரு”ன்னு காலப் புடிக்காத குறையாக் கேக்கு. மாட்டேங்கான். “உன்ன மதிக்கேன், அதான் கடிக்கல”ங்கான். ரெண்டு பேரும் கையக் கோத்துக்கிட்டு பனியில நடக்காங்க. பாட்டு. படம் முடிஞ்சிட்டு. எல்லாரும் கைதட்டுதாங்க. எல்லாரும்னா, ஒம்பது பேரு.

பாக்கியசீலன்: நீ தட்டலையா?

சுடலைவடிவு: நான் எதுக்குத் தட்ட?

பாக்கியசீலன்: நீ தட்டவும் இல்ல, எந்திரிக்கவும் இல்லையாமே. லைட்டப் போட்டு, கீழ கெடந்த பாப்கார்னத் தூத்து முடிக்க வரைக்கும் அப்படியே இருந்தியாம்.

சுடலைவடிவு: யாரு சொன்னா?

பாக்கியசீலன்: தூத்த பலவேசம் சொன்னான்.

சுடலைவடிவு: ...காலு மரத்துப் போச்சு.

பாக்கியசீலன்: வடிவு...

சுடலைவடிவு: காலுதான்னு சொல்லுதேன்லா.

பாக்கியசீலன்: ஒம்பது வருசமா உன்னப் பாக்கேன். படம் முடியதுக்கு முந்தி செருப்ப மாட்டிட்டு நிக்க ஆளு நீ.

சுடலைவடிவு: ...அவன் கடிக்கலல்லா அவள?

பாக்கியசீலன்: கடிக்கல.

சுடலைவடிவு: அப்ப அவ மனுசிதான?

பாக்கியசீலன்: மனுசிதான்.

சுடலைவடிவு: அவளுக்கு இப்பப் பதினேழு. அடுத்த வருசம் பதினெட்டு ஆவும். இவனுக்கு?

பாக்கியசீலன்: பதினேழு.

சுடலைவடிவு: அவளுக்கு முப்பது ஆவும்போது?

பாக்கியசீலன்: ...பதினேழு.

சுடலைவடிவு: எனக்கு நாப்பத்தாறு அண்ணாச்சி. இந்த வயசுல அவ ரேஷன் கடை வரிசையில முட்டுவலியோட நிப்பா. இவன் பக்கத்துல நிப்பான். மீசை மொளைக்காம, டியூசன் பையத் தொங்க விட்டுக்கிட்டு, அதே சிரிப்போட. அவ கைய விடமாட்டான். கடைக்காரன் கேப்பான், “ஏக்கா, மவனா?”

பாக்கியசீலன்: ஏ ஆண்டவரே...

சுடலைவடிவு: அறுவதுல “பேரனா?”ம்பான். அவளுக்குப் பல்லு விழும், இவனுக்கு விழாது. அவ தல நரைக்கத, தோலு சுருங்கத, ஒண்ணு விடாம இவன் பக்கத்துல இருந்து பாப்பான். அதே கண்ணால, ஆசையாப் பாப்பான். அவ போய்ச் சேந்த மறுவாரம் இவன் வேற ஊருல, வேற பள்ளிக்கூடத்துல, மொத பெஞ்சுல உக்காந்து இன்னொரு பிள்ளையத் திரும்பிப் பாத்து...

பாக்கியசீலன்: சொல்லாத.

சுடலைவடிவு: “உன்ன மதிக்கேன்”ம்பான்! இருநூறு வருசமா அதத்தான செஞ்சிருக்கான்? இவளுக்கு முந்தி எத்தன பேர ரேஷன் கடை வரிசையில கெழவியா நிப்பாட்டிட்டு வந்தானோ!

பாக்கியசீலன்: போதும் வடிவு, இந்தா கையப் பாரு. ரோமமெல்லாம் நட்டுக்கிட்டு நிக்கி.

சுடலைவடிவு: படம் எடுத்த பயலுக்கே தெரியல அண்ணாச்சி, தான் என்னத்த எடுத்து வச்சிருக்கோம்னு. காதல் படம்னு நெனச்சுக்கிட்டு பாட்டு வச்சிருக்கான். நேத்து வீட்டுக்குப் போயி, மூஞ்சி கழுவிட்டு நிமிந்தேன். கண்ணாடியில நான் நிக்கேன். பொட்ட ஒட்டக்கூட கை ஏறல. கண்ணாடியச் சுவரப் பாக்கத் திருப்பி வச்சுட்டுத்தான் சோறே தின்னேன்.

பாக்கியசீலன்: அப்ப... பயந்தியா?

சுடலைவடிவு: பயந்தேன்.

பாக்கியசீலன்: நெசமாவா?

சுடலைவடிவு: ஒம்பது வருசத்துல மொத தடவையா, நெசமா, கொல நடுங்கப் பயந்தேன். போதுமா? உங்க காசு ஒத்தப் பைசா வேண்டாம்.

பாக்கியசீலன்: அதையே பேசிப் பேசி மணி அஞ்சே முக்கால் ஆயிட்டே வடிவு, இனி எங்க நெறைய?

ரீபா: அண்ணாச்சி! அண்ணாச்சி, டிக்கெட் தீந்துட்டு!

பாக்கியசீலன்: ஏன், எலி கடிச்சிட்டா?

ரீபா: வித்துத் தீந்துட்டு! இருநூத்திப் பன்னெண்டும்! வரிசை பெட்ரோல் பங்க் வரைக்கும் நிக்கி. பூராம் எங்க அம்மா வயசுப் பொம்பளைங்க. மேலப்பாளையத்துல இருந்து ஜுபைதா பீவின்னு ஒரு அம்மா வீட்டாளுங்களோட ரெண்டு ஆட்டோல வந்து எறங்கிருக்காங்க. திசையன்விளைல இருந்து ஒரு வேன் கெளம்பிட்டாம், அடுத்த ஷோவுக்குப் பதினெட்டு சீட்டு எடுத்து வைக்கணுமாம். எல்லாரும் “ரேஷன் கடைப் படத்துக்கு டிக்கெட் தா”ங்காங்க. நம்ம படத்துல ஏது அண்ணாச்சி ரேஷன் கடை?

பாக்கியசீலன்: கர்த்தாவே... நெறைஞ்சிட்டா?

ரீபா: நெறைஞ்சு வழியுது. உங்க மச்சானும் வந்தாரு, டிக்கெட் இல்லன்னுட்டேன். மொகமே சரியில்ல. “பஞ்சா, பஞ்சா”ன்னு தனக்குத்தானப் பேசிக்கிட்டு நிக்காரு. நான் போறேன், வாசக்கதவ ஒடச்சிருவாங்க!

பாக்கியசீலன்: ...வடிவு, நீ என்ன மன்னிக்கணும்.

சுடலைவடிவு: எதுக்கு?

பாக்கியசீலன்: டீ வந்தப்ப, சட்டைப்பைல இருந்த ஃபோன அமுக்கி தியேட்டர் பேஜ்ல லைவ் போட்டுட்டேன். நீ திட்டுனாக்கூட, திட்டதக் கேட்டுட்டு நாலு பேரு வருவான்னுதான்... பொறவு நீ பேசுன பூராம் ஊரு கேட்டுட்டு.

சுடலைவடிவு: உங்க பேஜ்ல எத்தன பேரு இருக்காங்க?

பாக்கியசீலன்: நாப்பத்தோரு பேரு.

சுடலைவடிவு: அதுல சொந்தக்காரங்க?

பாக்கியசீலன்: முப்பத்தாறு.

சுடலைவடிவு: மிச்சம் அஞ்சு பேரா இம்புட்டுக் கூட்டம் கூட்டுனான்? இந்தாங்க, என் பையத் தொறங்க. பாத்து... மேல கோரைப்பல்லு கெடக்கும், கையக் கிழிச்சிரும்.

பாக்கியசீலன்: ஃபோனு... இதுலயும் லைவு ஓடுது... பதினாலாயிரம் பேரா! எப்பப் போட்ட?

சுடலைவடிவு: உங்க மாடிப்படி ஏறும்போதே.

பாக்கியசீலன்: அப்ப அந்த ஐயாயிரம்?

சுடலைவடிவு: கேட்டாச்சு. ஏழு வரைக்கும் ஏறுனதும் கேட்டாச்சு.

பாக்கியசீலன்: ஏசி?

சுடலைவடிவு: அதுவும்.

பாக்கியசீலன்: மச்சான் மண்டையில பஞ்சு?

சுடலைவடிவு: அதுக்குத்தான் சனம் விழுந்து விழுந்து சிரிச்சிருக்கு.

பாக்கியசீலன்: அடிப்பாவி... அப்ப வரும்போதே பயத்தக் கையில வச்சுக்கிட்டுத்தான் வந்திருக்க. ஏழாயிரத்தத் தள்ளி விட்டுட்டு, ஊரக் கூட்டி எனக்குச் சும்மா தந்துட்டுப் போறியே... எதுக்குப் பிள்ள?

சுடலைவடிவு: சும்மாவா? இந்தக் கொட்டாயில ஒம்பது வருசத்துல நான் பாத்த பேய்ப்படம் நூத்தி நாப்பத்தாறு. அத்தனைக்கும் பயப்படத்தான் டிக்கெட் எடுத்தேன். நேத்தோட வரவு ஒண்ணு. மிச்சம் நூத்தி நாப்பத்தஞ்சு பயம் நீங்க எனக்குத் தரணும் அண்ணாச்சி. அதத் தீக்காம உங்களச் சோபா விக்க விட்டுருவனா?