பாதி மருந்து அவருக்கு

கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகும் பஸ்ஸில், தூங்கும் மகளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் ஓர் அக்காவும் தம்பியும். முகக்கவசம் போட்டிருந்த தம்பி, “பாதி மருந்து அவருக்குத்தான்க்கா போவுது” என்றான்.

“எவருக்குடா?”

“செத்துப் போயி எனக்கு நுரையீரல் குடுத்தாரே, அவருக்கு.”

“இன்னாடா சொல்ற? அந்த ஸ்டீராய்டு பம்பை வாயில வெச்சு ரெண்டு தபா இழுக்கச் சொல்லித்தானே டாக்டர் குடுத்தாரு?”

“மொத தபா அவருக்குன்னு வெளிய அடிச்சுடுவேன். ரெண்டாவதுதான் எனக்கு. செத்தவங்களுக்குப் படைக்காம நாம எப்படிக்கா எடுத்துக்கறது?”

“அவரு பேரு தெரியுமா?”

“ஆஸ்பத்திரில சொல்ல மாட்டாங்களாம். அண்ணேன்னுதான் கூப்பிடறேன்.”

“அதான் இன்னிக்கு ஆஸ்பத்திரி மெஷின்ல ஊதுனா மூச்சு கம்மியாக் காட்டுச்சா! மூச்சுக்குழாய் சுருங்கிக்கினு வருது, இப்படியே போனா மாத்தின நுரையீரலும் கெட்டுடும்னு டாக்டர் சொன்னாரே. அப்ப ஏண்டா வாயத் தொறக்கல?”

“டாக்டர் கேக்கலயே.”



அக்கா அவன் பக்கம் திரும்பிக் கேட்டாள்: “டேய், அவரு நுரையீரல் இப்ப எங்கடா கீது?”

“என் நெஞ்சுக்குள்ள.”

“அப்ப வெளிய அடிச்சா அவருக்கு எப்படிடா போய்ச் சேரும்?”

சாயந்திர மருந்துக்கு நேரமாகியிருந்தது. தம்பி பையிலிருந்து பம்பை எடுத்துக் குலுக்கி, முகக்கவசத்தை இறக்கினான்.

“அண்ணே, இத்தினி நாளா உங்களப் பட்டினி போட்டுட்டேன்” என்று சொல்லிவிட்டு, இரண்டு தடவையும் முழுசாக உள்ளே இழுத்தான்.