ஸ்கார்வா ஆற்றை மூடிய ரக்னில்டு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் போதகர் அவர்களே, தாய் ரக்னில்டைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் முன் அமர்ந்திருக்கும் தூர்டிஸ் அவர்களே, ஆற்றின் இரு கரைகளிலிருந்தும் பனியை மிதித்துக்கொண்டு இந்த ஊர் மண்டபத்துக்கு வந்து சேர்ந்திருக்கும் நில உரிமையாளர்களே, தூண்டில்காரர்களே, ரக்னில்டோடு சண்டை போட்டவர்களே, சண்டை போட்டுச் சலித்துப்போனவர்களே! எல்லோரையும் வணங்குகிறேன்.

நான் ஆர்ன்ஃபின். கரையோர நிலத்தோடு மீன்பிடி உரிமையும் உள்ளவர்களின் ஸ்கார்வா ஆற்று உரிமையாளர் சங்கத்தில் ரக்னில்டு ஃபியெல்ஸ்டா தலைவராக இருந்த காலமெல்லாம் அவருக்குத் துணைத்தலைவராக இருந்தவன். நீளமான பேச்சை அவர் சகிக்கமாட்டார். காபி ஆறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

யார் இந்த ரக்னில்டு? இந்தப் பள்ளத்தாக்கின் கால்நடை மருத்துவர். அவர் கை படாத மாட்டுத் தொழுவம் இங்கே உண்டா? அதைவிடவும், இந்த ஆறு கண்ட மிகச் சிறந்த தூண்டில்காரர். சால்மன் மீனை வெறுத்தவர் ஆற்றை மூடி மீன்பிடிப்பை நிறுத்தவில்லை. அந்த மீன் மேல் பித்துப் பிடித்தவர் மூடினார். ஆற்றிலேயே மீன் அதிகம் தங்கும் ஆழமான மடு அவர் நிலத்தை ஒட்டித்தான் இருக்கிறது. மற்றவர்களிடம் ஒரு சொல் கேட்பதற்கு முன்பே, ஒரு கோடை முழுவதும் அந்த மடுவில் தானும் தூண்டில் போடவில்லை, யாரையும் போடவிடவும் இல்லை. அதன் பிறகுதான் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

அந்தக் கூட்டம் இதே மண்டபத்தில்தான் நடந்தது. முட்டையிடக் கடலிலிருந்து ஆற்றுக்குத் திரும்பும் மீன்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்தன. முழு ஆற்றையும் மூட வேண்டும் என்றார் அவர். மண்டபம் கொதித்தது. மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்கள் தங்கும் கூடாரத் திடலை நடத்தும் நம் ஸ்டெய்னார் எழுந்து கேட்டதை மறந்திருக்கமாட்டீர்கள்.

"கடல்ல சாகுற மீனுக்கு ஆத்துல நாங்க ஏன் தண்டனை அனுபவிக்கணும்? நாங்க பிடிக்கிறது நாலு மீனு."

நியாயமான கேள்வி. ரக்னில்டும் அதை நியாயம் என்றுதான் சொன்னார். அடுத்து இதையும் சொன்னார்:

"வீடு பத்தி எரியுது ஸ்டெய்னார். யாரு கொளுத்துனான்னு விசாரிக்கலாம், கட்டாயம் விசாரிப்போம். அதுவரைக்கும் உன் கையில இருக்கிற வாளித் தண்ணிய நீ ஊத்த மாட்டியா?"

வாக்கெடுப்பில் மயிரிழையில் வென்றார். தூண்டில் கரையேறியது. ஆனால் அதற்கான விலையை எல்லோரும் சமமாகக் கொடுத்தோமா? இல்லை. ஸ்டெய்னாரின் திடல் வெறிச்சோடியது. அவர் ரக்னில்டோடு பேசுவதை நிறுத்தினார். கடையில் எதிரே கண்டால் வேறு வரிசைக்குப் போய்விடுவார்.

தடை வந்த முதல் கோடையில் வெளியூர்ப் பெரிய மனிதர் ஒருவர், அறிவிப்புப் பலகையைத் தாண்டி வந்து மடுவில் தூண்டிலை வீசினார். ஒரு மீனால் ஆறு வற்றிவிடாது என்பது அவர் வாதம். காவலர்கள் வருவதென்றால் இரண்டு மலைக் கணவாய்களைத் தாண்டி வர வேண்டும். ரக்னில்டு வாதாடவில்லை. காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, உடுத்திய துணியோடு பனியுருகி ஓடும் அந்தத் தண்ணீரில் இறங்கி, தூண்டில் விழுகிற இடத்திலேயே நீந்தத் தொடங்கிவிட்டார்.

மீனையெல்லாம் விரட்டுகிறீர்களே என்றார் அந்தப் பெரிய மனிதர்.

"நான் குளிக்கிறேன். மீன் பிடிக்கத்தான் தடை. குளிக்கத் தடை இல்லையே."

வயதான பெண்மணி, எவ்வளவு நேரம் தாங்குவார் என்று அந்த மனிதர் காத்திருந்தார். கடைசியில் பயந்துபோனது அவர்தான். தூண்டிலைச் சுருட்டிவிட்டுத் தன் மேல்கோட்டை நீட்டினார். உதடு நீலம் பாரித்துக் கரையேறிய ரக்னில்டு, அவரைத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய் வாஃபிள் அப்பமும் காபியும் கொடுத்தார். இப்படி ஒரு எதிரி நமக்கெல்லாம் வாய்க்க வேண்டாமா!

தடையின் மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் ஸ்டெய்னாரின் குதிரைக்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டது. வேறு மருத்துவர் அருகில் இல்லை. வந்த ரக்னில்டிடம் ஸ்டெய்னார் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "குதிரைக்காகத்தான் கூப்பிட்டேன். வேற பேச்சு வேண்டாம்."

குட்டி பிழைத்தது, தாயும் பிழைத்தது. கை கழுவும்போதுதான் ரக்னில்டு வாய் திறந்தார். இலையுதிர் காலத்தில் ஆற்றோடு மிதந்தபடி மீன்களை எண்ணப் போகிறோம், ஆட்கள் தங்க உன் திடலைக் கொடுப்பாயா என்று கேட்டார்.

"மீன் பிடிக்க முடியாத ஆத்துக்கு எவன் வருவான்?"

"மீனைப் பார்க்க வருவாங்க. நீயும் பார்க்கணும். பிடிச்சிருக்கே தவிர நீ எங்க பார்த்திருக்கே?"

வந்தார்கள். நீருக்குள் முகம் புதைத்து, சினை சுமந்த மீன் வாலால் கூழாங்கல்லைக் கிளறிப் பள்ளம் தோண்டுவதைப் பார்த்தார்கள். மேல்கோட்டு நீட்டிய அந்தப் பெரிய மனிதரும் வந்தார். முதல் ஆளாக நீரில் இறங்கியவர் யார்? ஸ்டெய்னார்!

சென்ற இலையுதிர் காலத்தில் ரக்னில்டால் நீரில் இறங்க முடியவில்லை. நோய் முற்றியிருந்தது. கம்பளி போர்த்திக் கரையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். மடுவிலிருந்து தலைதூக்கிய தூர்டிஸ் மூச்சு வாங்கச் சொன்னார்: "அம்மா, எண்ண முடியலம்மா. ஒண்ணு மேல ஒண்ணா நிக்குது."

நாங்கள் கரையில் கைதட்டிக் கூத்தாடினோம். நாற்காலியிலிருந்து ரக்னில்டு சொன்னது: "அப்போ மறுபடி மேல்பக்கத்துலேருந்து மிதந்து வா. குத்துமதிப்புக் கணக்கு எனக்கு வேண்டாம்."

தூர்டிஸ் மறுபடி போனார். அந்தச் சரியான கணக்கைக் கேட்டுவிட்டுத்தான் ரக்னில்டு மருத்துவமனைக்குப் போய்க் கண் மூடினார்.

நண்பர்களே, மீன் திரும்பிவிட்டதே, அவர் நினைவாக வரும் கோடையில் ஒரு நாளாவது ஆற்றைத் திறக்கலாமே என்று சிலர் என்னிடம் அன்போடு கேட்டார்கள். மருத்துவமனையில் நானும் அவரிடம் அதைக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னது: "ஒரு நல்ல வருஷத்தை நம்பி ஏமாந்துடாதே ஆர்ன்ஃபின். இப்போ இட்ட முட்டை கடலுக்குப் போய்த் திரும்பி வரட்டும்."

அந்த முட்டைகள் இந்த நேரத்தில் பனிக்கட்டிக்கு அடியில், கூழாங்கற்களுக்குள் கிடக்கின்றன. அவை பெரிய மீன்களாகத் திரும்பும்வரை ஸ்கார்வாவில் தூண்டில் விழாது. இதைச் சங்கத்தின் சார்பில் சொல்கிறேன். மறுப்பவர்கள் கூட்டத்துக்கு வந்து மறுக்கலாம். கொதிக்கிற மண்டபம் எங்களுக்குப் பழக்கம்தான்.

இந்த இடத்தில் உங்களை மௌனமாக எழுந்து நிற்கச் சொல்வது வழக்கம். மௌனம் ரக்னில்டுக்குப் பிடிக்காது. ஆகவே வேறொன்று கேட்கிறேன். வரும் இலையுதிர் காலத்தில் அந்தக் குளிர்ந்த நீரில் முகம் புதைத்து மீன்களை எண்ணச் சம்மதிப்பவர்கள் மட்டும் எழுந்திருங்கள்.

ஸ்டெய்னார், நீ முதலில் எழுவாய் என்று தெரியும். தூர்டிஸ், நன்றி. போதகரே, நீங்களுமா!

அப்படியே நில்லுங்கள். அத்தனை பேரையும் ஒருவர் விடாமல் எண்ணிக்கொள்கிறேன்.